போயாவுக்கு மலையேற வரும் மகளுக்கு

பாப்பா,

நேற்று ராத்திரி நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜை அம்மாவும் நானும் இரண்டு தரம் போட்டுக் கேட்டோம். ஒபிஸ் ஆட்கள் பதினொரு பேர், பௌர்ணமிப் போயா லீவோடு சனி ஞாயிறையும் சேர்த்து வருகிறீர்கள், ஹட்டன் வரைக்கும் ட்ரெயின், அங்கேயிருந்து வேன், ராத்திரி ஒரு மணிக்கு நல்லதண்ணியில் சிவனொளிபாத மலை ஏறத் தொடங்கி விடியலுக்கு உச்சியில், இறங்கின கையோடு எல்ல ஊருக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கடைசியில் ஒன்று சொன்னாய் பார், "பயப்படாதீங்கப்பா, போயாவுக்கு ஆயிரக்கணக்கில சனம் இருக்கும், ஒன்னும் ஆகாது" என்று, அதுக்குத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் இவ்வளவையும் தட்டிக்கொண்டிருக்கிறேன். போனில் சொன்னால் "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

சீதகங்குல ஓடைக்கு மேலே நான் தேத்தண்ணிக் கடை போட்டு இது பதினாலாவது சீசன். உச்சியில் நடக்கிறதெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் ஏறிப் போகிற முகத்தையும் இறங்கி வருகிற முகத்தையும் பார்க்கிற ஆள் நான். ராத்திரி பாட்டுப் போட்டுக்கொண்டு படியை இரண்டிரண்டாகத் தாண்டிப் போன பொடியன், காலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கி வருவான். கடைக்குள் வந்து உட்கார்ந்தால் எழும்ப ஏலாது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கிற கை நடுங்கும்.

நாலு பேர் தனியாக ஒரு மலைக்குப் போனால் டோர்ச் இருக்கா, தண்ணி இருக்கா, மழை வந்தால் என்ன செய்வது என்று ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொள்வார்கள். நாலாயிரம் பேரோடு போகும்போது யாரும் கேட்கிறதில்லை. முன்னால் போகிறவனிடம் லைட் இருக்கும், கடையில் தண்ணி இருக்கும், ஏதாவது ஆனால் யாராவது தூக்குவார்கள். அந்த யாராவது யார் என்று நினைக்கிறாய்? போன சீசனில் ஒரு சனிக்கிழமை, விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும், கடைக்கு மேலே பத்துப் பதினைந்து படி தள்ளி ஒரு பிள்ளை விழுந்தாள். உன் வயதுதான், காலில் பாத்ரூம் செருப்பு. கணுக்கால் வீங்கி பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் முப்பது பேருக்குக் குறையாது, பாதிப் பேர் கையில் போன், படம் எடுக்கிறார்கள். நானும் பக்கத்துக் கடைக்காரரும் சுமை தூக்குகிற நம்ம தோட்டத்துப் பொடியன்கள் இரண்டு பேருமாக, இரண்டு கம்பையும் மாச் சாக்கையும் வைத்துக் கட்டித் தூக்கினோம். நல்லதண்ணிக்கு இறக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேலே போனது. பாரத்தால் இல்லை, சனம் வழி விடாததால். கத்திக் கத்தி எனக்கு மூன்று நாளைக்குத் தொண்டை இல்லை. அன்றைக்கு உனக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்கும் பாதிதான் சொன்னேன், இப்போது இதை வாசித்துவிட்டு அவளிடம் கேட்டு வைக்காதே.

சரி, முதலில் கால். 5,500 படிக்குக் கிட்ட இருக்கு என்று உன் கூட்டாளிகளுக்குச் சொல்லு, 2,243 மீற்றர் உயரம் என்றும் சொல்லு, ஆனால் அந்தக் கணக்கைவிடப் பெரிய விஷயம், அந்தப் படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி, அதுக்கடுத்தது பாதி உடைந்தது, அதிகாலையில் எல்லாமே பனியில் நனைந்து கிடக்கும். செருப்பு வேண்டாம். இந்தப் பயணத்துக்கென்று வாங்கின புதுச் சப்பாத்தும் வேண்டாம், அது சீதகங்குல வருவதற்குள் குதிகாலைத் தின்றுவிடும், கடையில் பிளாஸ்டர் கேட்டு வருகிறவர்கள் முக்கால்வாசி அந்த ஆட்கள்தான். அலுமாரியில் நாலைந்து வருஷம் கிடந்ததை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு வருகிறதும் பிசகு. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே பசை செத்துப் போயிருக்கும். ஒரு ஐயா இப்படித்தான், நல்ல விலை கொடுத்து வாங்கின சப்பாத்து, இரண்டு அடியும் அரை மணித்தியாலத்துக்குள் கழன்று விழுந்தது. என்னிடம் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாவம், சிரிக்கவும் கூடாது.

அப்புறம் லைட். நல்லதண்ணிப் பாதையில் சீசனில் லைட் எரியும்தான். முந்தின சீசனில் ஒரு மழை ராத்திரி கரண்ட் போனது, அரை மணித்தியாலம் கூட இருக்காது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் போனைத் தேடினார்கள். பாதிப் போனில் சார்ஜ் இல்லை, பாட்டும் படமுமாகத் தின்று தீர்த்தாயிற்று. பின்னால் இருந்து தள்ளுகிறார்கள், முன்னால் இருக்கிறவர்களுக்கு நகர இடமில்லை, ஒரு வயதான அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார், அவருக்கு மேலாகக் கால் வைத்துப் போகிறான் ஒருவன். ஆளுக்கொரு தலை லைட் கொண்டு வாருங்கள், பதினொரு பேருக்கும் பதினொன்று, மாற்று பெட்டரியோடு. அதை எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல் கீழே காலடிக்குச் சாய்த்து வைக்கச் சொல்லு. கண்ணில் அடித்தால் அவருக்கு அடுத்த பத்துப் படி தெரியாது.

மகாகிரிதம்பவுக்கு மேலே கடைசி ஏற்றம் உனக்கு ஞாபகம் இருக்கா? கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "அப்பா கீழே பார்க்கவா" என்று கேட்டாயே, அந்த இடம். போயா ராத்திரியில் அங்கேதான் கூட்டம் இறுகும். ஒரு படி ஏறி ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும், இப்படி ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். ஏறின சூட்டில் நனைந்த டீ-ஷேர்ட் அந்த நிற்கிற நேரத்தில்தான் உடம்பில் ஐஸ் மாதிரி ஒட்டும். குளிரில் நடுங்குகிறவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஜக்கெட் இல்லாதவர்கள் இல்லை, ஜக்கெட்டுக்குள்ளே நனைந்த பருத்தியோடு நிற்கிறவர்கள். ஒரு காய்ந்த உடுப்பை பேக்குக்குள் வைத்துக்கொள், கூட்டம் நிற்கத் தொடங்குகிற இடத்துக்கு முன்னாலேயே ஒரு கடைக்குள் போய் மாற்றிவிடு. ஒரு கம்பளித் தொப்பியும். பொறுமை இல்லாதவர்கள் அங்கே கம்பிக்கு வெளியே தாண்டி, புதரைப் பிடித்துக்கொண்டு முந்திப் போகப் பார்ப்பார்கள். அது இருட்டில் புதர் மாதிரித் தெரியும், கீழே என்ன இருக்கு என்று பகலில் பார்த்தவன் நான். உன் ஆட்களில் ஒருவர் அப்படிக் கால் வைத்தாலும் சட்டையைப் பிடித்து இழு, மனேஜரானாலும் பரவாயில்லை.

சூரியன் வருகிறதை உச்சியில்தான் பார்க்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை, அதுக்குக் கீழேயும் கிழக்குத் தெரிகிற இடம் இருக்கு. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால் எல்லாரும் கிழக்கைப் பார்த்துப் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நீ மேற்குப் பக்கம் போ. வானம் வெளித்திருந்தால் மலையின் நிழல் கூம்பாக, மூன்று மூலையாக, கீழே மூடுபனிக்கு மேலே விழுந்து கிடக்கும், கொஞ்ச நேரம்தான் நிற்கும். அங்கே அவ்வளவு நெரிசலும் இருக்காது. மணியை எத்தனை தரம் மலை ஏறினாயோ அத்தனை தரம்தான் அடிக்க வேண்டும், உனக்கு இது நாலு. முதல் தரம் வருகிற பொடியன் இருபது தரம் அடித்துச் சிரிக்கிறதைப் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற சிங்கள ஆச்சி எப்படிப் பார்ப்பார் தெரியுமா? நமக்குச் சிவனின் பாதம், அவர்களுக்குப் புத்தரின் பாதம், சோனக ஆட்களுக்கு ஆதம் நபியின் பாதம், எப்படியென்றாலும் கும்பிட வந்த இடம். 1344-இல் மொரோக்கோப் பயணி இபின் பதூதா வந்து ஏறியிருக்கிறார், பாறையில் சங்கிலியைப் பிடித்து ஏறினதாக எழுதி வைத்திருக்கிறாராம், உன் தம்பி வாசித்துக் காட்டினான். அவர் ஸ்பீக்கர் கொண்டு வந்திருக்க மாட்டார். அந்தச் சாமானை மட்டும் கொழும்பிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லு.

சுமை தூக்குகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது எனக்கு நேரடி வயிற்றெரிச்சல். நீங்கள் மேலே குடிக்கிற தேத்தண்ணிக்கு மா, சீனி, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஒருவன் தோளில்தான் வருகிறது. நானும் இளந்தாரியாக இருந்தபோது தூக்கினவன். சுமையோடு ஏறுகிறவனுக்கு ஒரு தாளம் இருக்கும், கால், மூச்சு, கால், மூச்சு. அதை நிறுத்தினால் மறுபடி தொடங்குகிறதுக்கு முதுகு ஒத்துக்கொள்ளாது. அவன் "வழி, வழி" என்று சொல்கிறது அதிகாரம் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் மலைப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினால் சிலிண்டர் உரசுகிற உரசலில் நீங்கள்தான் போவீர்கள். செல்ஃபிக்காகப் படிக்குக் குறுக்கே வரிசையாக நிற்கவே கூடாது.

தண்ணி ஆளுக்கு ஒன்றரை லீற்றராவது கொண்டு வாருங்கள், போத்தலைத் திருப்பிக் கொண்டு போங்கள். ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீனைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், உனக்குத் தெரியும். இங்கே பாதை முழுக்கக் காவல் நிற்க யாரால் ஏலும்? மலிவு மழைக்கோட்டு ஒரு காற்றுக்குக் கிழிந்து மரத்தில் தொங்குது, சீசன் முடிந்து நாங்கள்தான் பொறுக்குகிறோம். இந்த ஓடையெல்லாம் மஸ்கெலியா ஓயாவில் விழுந்து, மவுசாக்கலை நீர்த்தேக்கம் போய், களனி கங்கையில் சேர்ந்து, அம்பத்தளையில் சுத்தமாக்கி உங்கள் கொழும்புக் குழாயில் வருகிற தண்ணி. உன் கூட்டாளிகளுக்கு இதை மட்டும் சொன்னால் போதும், மற்றதை அவர்களே யோசிப்பார்கள்.

இறங்கும்போதுதான் விழுகிறார்கள். விடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கப் பார்ப்பார்கள், அரை மணித்தியாலம் பொறுத்து இறங்குங்கள். முழங்காலை நேராக விறைத்து வைக்காமல், சின்னச் சின்ன அடியாக, படியில் கோணலாக இறங்கு. கைத்தடி கொண்டு வருகிறவர்கள் கூர்முனைக்கு ரப்பர் மூடி போடட்டும், போன மாசம் ஒரு வெள்ளைக்காரரின் தடி பின்னால் வந்தவர் பாதத்தில் இறங்கியது. ஏதாவது ஆனால் 1990-க்கு அடி, அம்புலன்ஸ் நல்லதண்ணிக்குத்தான் வரும், அதுவரைக்கும் கொண்டு வர ஆள் வேண்டும், அதனால் கடைக்காரர்களிடம் முதலில் சொல்லு.

உங்கள் ஒபிஸ் பொடியன் ஒருவன் இந்தத் தரம் ஏலாவிட்டால் ஓகஸ்ட்டில் வரலாம் என்றானாமே. டிசம்பர் உந்துவப் போயாவில் தொடங்கி வெசாக்கோடு சீசன் முடியும். அதுக்குப் பிறகு தென்மேல் பருவ மழை, காற்று, லைட் இல்லை, கடை இல்லை, என் கடைத் தகரத்தையே கழற்றிக் கீழே கொண்டு வந்துவிடுவேன். உன் கணக்குப்படி காப்பாற்றப் போகிற அந்தச் சனமும் இருக்காது.

எல்லவைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. எல்ல ரொக் மலைக்கு ரயில் பாதையில்தான் நடந்து போகிறார்கள் என்று கேள்வி. போனால் காதில் எதையும் மாட்டாமல் போ. ட்ரெயின் மிதிபலகையில் தொங்கிப் படம் எடுக்கிற வேலை வேண்டாம், பாறையும் சுரங்கமும் எந்த வளைவில் வருமென்று தெரியாது. அட்டைக் கடிக்கு அம்மா சவர்க்காரக் கட்டி தருவாள். குளவிக் கூடு கண்டால் சத்தம் போடாமல் திரும்பிவிட வேண்டும், இது கொழுந்து எடுத்த உன் அம்மா சொல்லச் சொன்னது. அவளை ஒரு தரம் படங்குச் சாக்கால் மூடித்தான் காப்பாற்றினார்கள், நீ சின்னப் பிள்ளை, ஞாபகம் இருக்காது.

உன்னுடைய பழைய கறுப்புச் சப்பாத்து இங்கே கட்டிலுக்குக் கீழேதான் இருக்கு. புதுசு வாங்காதே. எடுத்து வளைத்துப் பார்த்தேன், இடது பக்கம் அடி வாயைத் திறக்குது. மஸ்கெலியாவில் தைக்கிறவரிடம் கொடுத்திருக்கிறேன், சுற்றி வர இரட்டை நூலில் தைக்கச் சொன்னேன், வியாழக்கிழமை தருவாராம். நீங்கள் ஏற முந்தி ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு பீலிக்கரை வரைக்கும் நடந்து பார்க்க வேண்டும், அதனால் மற்றவர்களோடு வராமல் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடு. அம்மா ரொட்டிக்கு மா குழைக்க எத்தனை மணிக்கு என்று கேட்கிறாள்.

அப்பா