பள்ளிகளில் தலைமுக்காடு, முகத்திரை குறித்து எழுத்துப்பூர்வத் தெளிவுரை கோரும் மனு

அனுப்புநர்:
மாணவியரின் தாய்மார்கள்,
கூடலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: தனியார் பள்ளியில் வாய்மொழித் தடை – சுற்றறிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கூடலூர்ப் பகுதித் தனியார் பள்ளி ஒன்றில் என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற பெற்றோர் கூட்டத்தில், அடுத்த பருவத்திலிருந்து மக்கனா (தலைமுக்காடு), புர்கா எதுவும் கூடாது என்று வாயால் சொன்னார்கள். எழுதிக் கேட்டோம், தரவில்லை. எந்த உத்தரவு என்றதற்கு, "கோர்ட்டே சொல்லிவிட்டதே" என்றார்கள்.

அவர்கள் சொல்வது, கர்நாடகத்தின் உடுப்பியில் தலைமுக்காட்டோடு வந்த மாணவியரை வகுப்புக்குள் விடாத விவகாரத்தை. கர்நாடக அரசு 2022 பிப்ரவரி 5 அன்று சீருடை ஆணை வெளியிட்டதும், மார்ச் 15 அன்று அம்மாநில உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் உண்மை. ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹேமந்த் குப்தா தடையை ஏற்க, நீதிபதி சுதான்ஷு துலியா அதை ரத்து செய்ய, வழக்கு பெரிய அமர்வு பார்க்க வேண்டியதாயிற்று. கர்நாடகத்தின் அந்த ஆணை, எல்லையிலுள்ள கக்கநல்லா சோதனைச் சாவடியைத் தாண்டி இங்கே எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை.

அதோடு, அந்த வழக்கு முகம் தெரியும் தலைமுக்காட்டைப் பற்றியது. முகத்தை மூடும் நிகாப் வேறு. "முகம் தெரியாமல் பாடம் எப்படி நடத்துவது?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான், நிகாப் விஷயத்தில் நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். கேரளத்தில் முஸ்லிம் கல்விச் சங்கமான எம்.இ.எஸ். கூட 2019இல் தன் நிறுவனங்களில் முகத்தை மூடி வரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. பஸ்ஸில் நிகாப் அணிந்து வரும் பெரிய வகுப்புப் பெண்கள் வகுப்பறையில் அதைக் கழற்றத் தயாராகவே இருக்கிறார்கள். கேட்டில் வாட்ச்மேனும் ஜீப் டிரைவர்களும் பார்க்க "கழற்று" என்பதைத்தான் தாங்க முடியவில்லை. உள்ளே ஓர் அறையும் ஒரு டீச்சரும் போதும்.

தலைமுக்காட்டுக்கு என்ன தடை என்பது விளங்கவில்லை. மார்கழியில் இந்த மலையில் பாதி வகுப்பு மஃப்ளரும் மங்கி குல்லாவுமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. சீருடை நிறத்திலேயே துணி எடுத்துத் தைத்துத் தருகிறோம் என்றோம், பதில் இல்லை. தேர்வில் ஆள்மாறாட்டம் நடக்கும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது: மருத்துவ நுழைவுத் தேர்வு வழக்கில் 2016இல் கேரள உயர் நீதிமன்றம், அரை மணி நேரம் முன்னதாக வந்து சோதனைக்கு உடன்பட்டால் முக்காட்டோடு எழுதலாம் என்றது. தனியார் நிர்வாகம் சீருடை வகுக்கலாம் என்று அதே நீதிமன்றம் 2018இல் சொன்னதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் வக்கீலிடம் போகாமல் தங்களிடம் வருகிறோம்.

எங்கள் பயம் படிப்பைப் பற்றியது. எஸ்டேட் லைன்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் முதல் பத்தாம் வகுப்பே அவர்கள்தான். பெண்ணைப் பத்தோடு நிறுத்தச் சாக்குத் தேடும் வீடுகள் எங்களிடமும் உண்டு, மறைப்பானேன்? பள்ளியே அந்தச் சாக்கை எடுத்துக் கொடுக்கிறது. "முக்காடு இல்லாமல் அனுப்ப வேண்டுமென்றால் படித்தது போதும்" என்ற பேச்சு என் வீட்டிலேயே தொடங்கிவிட்டது.

ஆகவே, சீருடை நிறத் தலைமுக்காட்டைத் தடுக்க வேண்டாம் என்றும், நிகாப் அணிந்து வருபவர்கள் பள்ளிக்குள் பெண் ஆசிரியர் முன்னிலையில் அதைக் கழற்றிவிட்டு வகுப்புக்குச் செல்ல இடம் தர வேண்டும் என்றும் மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புமாறு வேண்டுகிறோம். முக்காடு அணியாத எங்கள் பிள்ளைகளை அணியச் சொல்லி எவரும் வற்புறுத்தக்கூடாது என்பதும் அதில் இருக்கட்டும். சுற்றறிக்கை வரும்வரை உடையைக் காரணம் காட்டி எந்த மாணவியையும் வெளியே நிறுத்தவோ, வருகைப் பதிவை மறுக்கவோ, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போகச் சொல்லவோ கூடாது என அப்பள்ளிக்கு உடனே அறிவுறுத்த வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மாணவியரின் தாய்மார்கள்
கூடலூர்

இணைப்பு: பள்ளிக்குக் கொடுத்த கடிதத்தின் நகல், பெற்றோர் கையொப்பப் பட்டியல்.