பணத்தை முழுக்க வண்டிக்கே கொடுத்துவிடாதே, மக்களே

அன்புள்ள மக்களே,

பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய பழைய பைக்குகளின் படங்களையும் விவரங்களையும் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். வண்டி பார்க்கப் போகும்போது கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பணம். ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறாய். அதில் வண்டிக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் பேசாதே. மீதி 25,000 முதல் மாதச் செலவுக்கு. டயர், செயின் செட், பிரேக் பேட், இன்ஜின் ஆயில், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். தக்கலையில் நம் ஸ்பேர்ஸ் கடைக்கு வருகிற பிள்ளைகளில் பலர் இருந்ததையெல்லாம் வண்டியில் கொட்டிவிட்டு, தேய்ந்த செயினோடு அடுத்த சம்பளம் வரை ஓட்டுகிறார்கள். செயின் அறுந்து இன்ஜின் கேஸில் அடித்தால் செலவு பல மடங்காகும். உன்னை அப்படி ஓட விட எனக்கு மனசு இல்லை.

எந்த வண்டி என்று கேட்டால், 2020-லிருந்து பிஎஸ்6 புகை விதிப்படி வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 என்பேன். சீட் உயரம் 800 மில்லிமீட்டர், உனக்குக் கால் நன்றாக ஊன்றும். 2023 நவம்பரில் புது ஹிமாலயன் 450 வந்தபிறகு பழைய 411-ஐ விற்கிறவர்கள் நிறைய, அதனால் பொறுக்கி எடுக்கலாம். அதே கம்பெனியின் ஸ்க்ராம் 411-க்கும் அதே இன்ஜின்தான், ஸ்பேர்ஸுக்கு அலைய வேண்டாம். குறையும் உண்டு. எடை 199 கிலோ. டியூப் டயர் என்பதால் வழியில் பஞ்சரானால் நேரம் பிடிக்கும். பவர் 24 குதிரைத்திறன்தான், 80, 90-ல் சுகமாகப் போகும், அதற்கு மேல் விரட்டக் கூடாது.

கேடிஎம் 390 அட்வெஞ்சர் பழைய மாடல் மேல் உனக்குக் கண் இருப்பது தெரியும். 43 குதிரைத்திறன், எடையும் குறைவு. ஆனால் சீட் 855 மில்லிமீட்டர். சரளைக் கல் சரிவில் நிறுத்தும்போது நுனிவிரலில் நிற்பாய். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 167 கிலோதான், நல்ல வண்டி. 2022-ல்தான் வந்தது என்பதால் உன் பட்ஜெட்டுக்குள் சிக்குவது கஷ்டம். சிக்கினால் எனக்குச் சொல்லு.

எதுவானாலும், ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போடாமல் பின்னால் தள்ளிப் பார். சிறு மேட்டில் தனியாகத் திருப்ப முடியவில்லையா, அந்த வண்டி வேண்டாம்.

பார்க்கக் காலையிலேயே போ. "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடு. போனதும் இன்ஜினில் கை வைத்துப் பார், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஓடி சூடான பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. மீட்டரை நம்பாதே. மீட்டர் 12,000 காட்டி, ஃபுட்ரெஸ்ட் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, பிரேக் டிஸ்க் ஓரத்தில் வரம்பு கட்டியிருந்தால் கணக்கு உதைக்கிறது. முன் ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாக் குழாய்களில், ஆயில் கசிவு இருக்கிறதா பார். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பு. நடுவில் கட்டென்று பிடித்தால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போய்விட்டது. ஹேண்டில் முழுதாகத் திரும்பி முட்டுகிற இடம் நசுங்கியிருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கலாம். செயின் ஓடும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பல் கொக்கி போல வளைந்திருந்தால் செயின் செட் மாற்றும் காசை விலையில் கழி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். மேலே பட்டன் தேயாமல் இருந்தாலும் அது கிழட்டு டயர்.

நீ அனுப்பியதில் மங்களூர் வண்டியை இன்னும் கவனமாகப் பார். இங்கே முட்டம், குளச்சல் கடலோரத்து வண்டிகளை நான் தினமும் பார்க்கிறேன். உப்புக் காற்று சக்கரக் கம்பியை முறுக்கிப் பிடிக்கும் ஸ்போக் நிப்பிளையும் வயர் கனெக்டரையும் உள்ளுக்குள்ளே தின்னும், மேலே பெயின்ட் பளபளக்கும்.

கேரள நம்பர் வண்டி மலிவாகத் தெரிகிறது. ஆனால் பெங்களூரில் உன் பெயருக்கு மாற்ற அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி (தடையில்லாச் சான்று) வேண்டும், கர்நாடக ரோடு டாக்ஸும் கட்ட வேண்டும். அதைக் கூட்டினால் மலிவு எங்கே? லோன் இருந்த வண்டி என்றால் ஆர்சி புத்தகத்தில் ஃபைனான்ஸ் பெயர் நீங்கியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30-இல் கையெழுத்தும், ஆர்சியோடு ஒத்துப்போகிற சேஸிஸ் நம்பரும் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதே.

இவ்வளவு சொல்வது, நீ ஆடியில் வண்டியிலேயே ஊருக்கு வருவேன் என்றாயே, அதனால்தான். 650 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்து, கடைசியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பக்கவாட்டில் வந்து அறையும். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டிருக்கிறார்கள்? இரண்டு பக்கமும் பெட்டி கட்டிய வண்டிக்குக் கோன் செட்டும் முன் டயரும் சரியில்லை என்றால் அந்த இடத்தில் கை நிற்காது. பெட்டி, கூடுதல் விளக்கு, பெரிய கண்ணாடி எல்லாம் அடுத்த வருஷம் வாங்கலாம்.

வண்டி பிடித்துப்போனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் எனக்குக் கூப்பிடு. மாற்ற வேண்டிய பார்ட்களை எழுதி அனுப்பு, விலை போட்டுத் தருகிறேன், அதைக் காட்டி விலை பேசு. செயின் செட்டும் பிரேக் பேடும் அங்கே வாங்காதே, இங்கிருந்து பார்சல் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா