செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் கால்பந்து சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. நவம்பரில் மட்டும் மழையால் கூட முடியவில்லை. கோல் கம்பங்களுக்கு வண்ணம் பூசியாகிவிட்டது. வலை மாற்றவில்லை, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவூட்டும் அன்பர்களுக்கு நன்றி. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

பயிற்சியாளர்களுக்காக நடத்திய கலந்துரையாடல்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று பேசியது இங்கிலாந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் கேரத் சவுத்கேட்டைப் பற்றி. 1996 யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பை, அரையிறுதியில், லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில், ஜெர்மனிக்கு எதிராக, சமநிலையை முறிக்க இரு அணிகளும் மாறி மாறி உதைக்கும் பெனால்டியைத் தவறவிட்டவர் அவர். அப்போது வயது 25. பிறகு ஒரு பீட்சா விளம்பரத்தில் தலையில் காகிதப் பையுடன் வந்து தன்னையே கேலி செய்துகொண்டார். உள்ளே காயம் ஆறியிருக்குமா என்பது வேறு விஷயம்.

பயிற்சியாளரானதும் பெனால்டியை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாமல் பல மாதங்கள் பயிற்சி கொடுத்தார். 2018இல் கொலம்பியாவை வென்றது, உலகக் கோப்பையில் பெனால்டி முறையில் இங்கிலாந்து பெற்ற முதல் வெற்றி. ஆனால் 2021 ஜூலை 11 அன்று அதே வெம்ப்ளியில், இத்தாலியுடனான யூரோ இறுதிப்போட்டியில், ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ என்ற இரு வீரர்களைக் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் பெனால்டிக்காகவே இறக்கினார். இருவரும் தவறவிட்டனர். ஐந்தாவது உதை 19 வயது சாகாவுக்கு, அதுவும் தடுக்கப்பட்டது. யார் உதைப்பது என்று முடிவு செய்தவன் நான், பொறுப்பும் என்னுடையது என்றார் சவுத்கேட்.

"பொறுப்பேற்றால் கோப்பை வந்துவிடுமா?" என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். வரவில்லைதான். 2024 யூரோ இறுதியிலும் ஸ்பெயினிடம் 2–1 எனத் தோற்று, இரண்டாம் நாளே பதவி விலகினார். பந்தையே தொடாத கால்களைக் கடைசி நிமிடத்தில் களமிறக்கியது தவறு என்பதே என் கருத்தும். ஆனால் அதே 2024 காலிறுதியில் சுவிட்சர்லாந்துடன் பெனால்டி வந்தபோது, உதைத்த ஐவரில் சாகாவும் ஒருவர். ஐந்தும் கோல்.

அன்றிரவு வீட்டுக்குப் போய் நம் மினிட் புத்தகத்தைப் புரட்டினேன். சென்ற ஆண்டு அரையிறுதித் தோல்விக்கு, "கடைசிப் பெனால்டியைத் தவறவிட்டதால்" என்று ஒரு பையனின் பெயரோடு எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. "நான் வேண்டாம், அண்ணா" என்று தயங்கியவனை முதுகில் தட்டி அனுப்பியவனும் நான்தான். அது அதில் இல்லை. அதன்பின் அவன் மைதானத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான். நானும் போய்க் கேட்கவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன்புதான் அவன் வீட்டுக்குப் போனேன். தேநீர் கொடுத்தான். வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

அந்த வரியை நீக்கி, "உதைப்பவரைத் தேர்ந்தெடுத்தவர் செயலாளர்" என்று திருத்தி எழுத வேண்டும் எனத் தீர்மானம் முன்மொழிகிறேன். வழிமொழிபவர் கையெழுத்திட மினிட் புத்தகம் மேசைமேல் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்