மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் ஓடைக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சித்ரா பௌர்ணமி அன்னதானம் முடிந்த மறுநாள் காலை, குழு உறுப்பினர்கள் ஐவர் கோயில் மண்டபத்தின் பின்வாசலில் நின்றிருந்தோம். முதல் நாள் அண்டாக்களும் வாணலிகளும் கழுவிய தண்ணீர் அல்லூர் என்னும் வடிகால் வழியாக இறங்கி, ஓடையின் மேல் மஞ்சள் ஏடாகப் படர்ந்து கிடந்தது. சாம்பாரில் போட்ட கறிவேப்பிலைகூட அந்த ஏட்டில் ஒட்டிக்கொண்டு நகராமல் நின்றது. ஓடையைக் கெடுக்கிறார்கள் என்று மேட்டுப் பக்கத்தாரைப் பற்றி ஒரு மனு எழுதி முடித்து, கையெழுத்து வாங்கத்தான் அன்று கூடியிருந்தோம். அந்த மனுவை மடித்து வைத்துவிட்டோம். முதலில் நம் வாசலைச் சரிசெய்துவிட்டு மற்றவர்களிடம் போவோம் என்று அங்கேயே முடிவானது. இந்த வேண்டுகோள் அந்தக் காலையில்தான் தொடங்கியது.

இந்த ஓடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜம் மலைப் பக்கமிருந்து வந்து, செம்பனை (எண்ணெய்ப் பனை) நிலங்களையும் காய்கறித் தோட்டங்களையும் தொட்டு, நம் தாமானை, அதாவது நம் குடியிருப்பைக் கடந்து, ஜூரு ஆற்றில் போய்ச் சேர்கிறது. இங்கே ரப்பர்த் தோட்டம் இருந்த காலத்தில் லயத்துப் (தொழிலாளர் வரிசை வீட்டுப்) பெண்கள் துணி துவைத்தது இதில்தான். பால்வெட்டு முடித்து வரும் ஆண்கள் இதில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். நம் தாமானின் மூத்த பாட்டி ஒருவர், மழை விட்ட மாலைகளில் தூண்டில் போட்டு விரால் பிடித்த இடத்தை இன்றும் கை நீட்டிக் காட்டுகிறார். அந்த இடத்தில் இப்போது ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது.

என்ன நடந்தது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையின் பெரும்பகுதி போய் வீடுகள் வந்தன. நம் வீடுகளும் அப்படி வந்தவைதான். மரமும் சருகும் இருந்த மண் மழையைக் குடித்து, நாள்கணக்கில் மெல்லக் கசியவிடும். தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் அப்படியே தள்ளிவிடும். அதனால் ஒரு மணி நேர மழைக்கு ஓடை கரைமீறி வருகிறது. ஒரு வாரம் மழை இல்லையென்றால் கணுக்கால் நனைவதே பெரிது. வேகமாக வரும் வெள்ளம் கரையை அரிக்கிறது, அரித்த மண் கீழே போய்ப் படிகிறது, படிந்த இடத்தில் அடுத்த வெள்ளம் ஏறுகிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வெள்ளத்தால் பினாங்கு முழுவதும் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்று பெய்தது பெருமழை, உண்மை. ஆனால் மழையைத் தாங்கிக்கொள்ளும் மண் குறைந்துபோனதும் உண்மை.

வேளாண்மையின் பங்கை நாங்கள் கண்ணால் பார்த்தோம். மீன் தொட்டிக் கடையில் விற்கும் அம்மோனியா சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, தமிழ்ப்பள்ளி மாணவர்கள் நால்வரோடு ஓடைக்கு இறங்கினோம். பச்சை கூடக் கூட அம்மோனியா கூடுதல் என்று பொருள். குழாய்த் தண்ணீரில் சொட்டு மருந்தை விட்டபோது அது மஞ்சளாகவே இருந்தது. மேட்டுத் தோட்டங்களைத் தாண்டி எடுத்த நீர் இளம்பச்சை ஆனது. நம் மண்டபத்துக்கும் கடைவரிசைக்கும் கீழே எடுத்தது கரும்பச்சை. சோதனைக் குழாயைப் பிடித்திருந்த மாணவி நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். "இது நம்மளோடதா?" என்று கேட்டாள். ஆம் என்றுதான் சொல்ல முடிந்தது.

யூரியாவோ கோழி எருவோ, மழைக்கு முந்தைய நாள் வீசினால் பயிருக்குப் போவதில் ஒரு பங்கு ஓடைக்கும் போகிறது. அது நீர்ப்பாசியையும் ஆகாயத்தாமரையையும் கொழுக்க வைக்கிறது. அவை அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்து மீன் செத்து மிதக்கிறது. இதை விவசாயிகளைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவர்களும் நம் அண்ணன் தம்பிகள், மாமன் மச்சான்கள். குழுவிலேயே மூன்று ஏக்கர் செம்பனை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இப்போது அவர் மழைக்கால உச்சத்தில் உரம் போடுவதில்லை. வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்காக அடுக்கி, அந்த வரிசையோரம்தான் போடுகிறார். மண்ணும் நிற்கிறது, உரமும் நிற்கிறது, செலவும் குறைந்திருக்கிறது என்கிறார். மற்றத் தோட்டக்காரர்களிடம் நாங்கள் பேசுவதைவிட அவர் பேசினால்தான் எடுபடும் என்று அந்தப் பொறுப்பை அவரிடமே விட்டிருக்கிறோம்.

சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "இந்த ஓடைத் தண்ணீரை நாம் குடிப்பதில்லையே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு?" நியாயமான கேள்வி. நாம் குடிப்பது மூடா ஆற்றுத் தண்ணீர். பினாங்கு மாநிலத்தின் கச்சா நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அந்த ஓர் ஆற்றிலிருந்துதான் வருகிறது. அது பிறப்பது பக்கத்து மாநிலமான கெடாவின் உலு மூடா காட்டில். கெடாவின் நெல்வயல்களுக்குப் பாயும் அணை நீரும் அதே காட்டைத்தான் நம்பியிருக்கிறது. நம் தட்டில் விழும் சோறும் குவளையில் விழும் தண்ணீரும் அந்த மலைக்காட்டு மழை. அங்கே மரம் வெட்டப்படுகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு பதறுகிறது. 2024 ஜனவரியில், சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காக நீர் விநியோகம் தடைபட்டபோது, வாளியும் பேரலுமாக நாம் ஓடிய ஓட்டம் நினைவிருக்கிறதா? அது முன்கூட்டியே சொல்லிச் செய்த வேலை. ஆறே வற்றினாலோ கெட்டாலோ யாரும் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை.

மூடாவின் மேட்டில் இருப்பவர்களிடம் நாம் எதிர்பார்ப்பதைத்தான் ஜூரு ஆறு கடலில் சேரும் கோலா ஜூருவின் மீனவர்கள் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள். 1970களிலேயே தொழிற்சாலைக் கழிவால் அவர்களின் மீன்பாடு அழிந்ததைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வெளியே கொண்டுவந்தது. அதன் தலைவராக நெடுங்காலம் இருந்து 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் தமிழ் மண்ணில் பிறந்து இங்கே வந்தவர். அந்தக் கடலோரத்துக்கு நம் ஓடையும் தன் பங்கைச் சுமந்து போகிறது.

இனிச் செய்யப்போவதைச் சொல்கிறோம்.

மண்டபச் சமையலறைக்கு வெளியே மூன்று அறை கொண்ட எண்ணெய் வடிதொட்டி கட்டுகிறோம். இதற்கு 9,500 வெள்ளி (ரிங்கிட்). இதுதான் முதல் வேலை, இதைச் செய்யாமல் மற்றதைத் தொடுவதில்லை. அடுத்து, மண்டபக் கூரையில் விழும் மழையைப் பிடிக்க 600 கேலன் தொட்டிகள் நான்கு. 300 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 6,000 லிட்டர் விழுகிறது. இன்று அது அப்படியே அல்லூருக்குப் போகிறது. அதைப் பிடித்தால் தரை கழுவவும் நந்தவனத்துக்கும் கழிப்பறைக்கும் ஆகும். அந்த அளவுக்கு மூடா நீரும் மிச்சம், ஓடைக்குப் பாயும் வெள்ளமும் குறைவு. டிங்கிக் கொசு புகாமல் எல்லா வாயிலும் வலை போடப்படும். குழாய், பம்பு உட்பட 14,000 வெள்ளி.

மூன்றாவது, 400 மீட்டர் கரையில் வெட்டிவேரும் மூங்கிலும் நடுவது, 8,000 வெள்ளி. ஆற்றோர நிலம் அரசாங்கத்துடையது என்பதால், வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே கரையில் மண்வெட்டி படும். அதுவரை இந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்கும். பள்ளி மாணவர்களின் ஓராண்டு நீர்ச் சோதனைக்கு 1,500 வெள்ளி.

மொத்தம் 33,000 வெள்ளி. குழுவினரும் கடைவரிசை வணிகர்களும் இதுவரை கொடுத்தது 11,400. இன்னும் 21,600 வெள்ளி வேண்டும்.

ஒரு மீட்டர் கரைக்கு 20 வெள்ளி. பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு மீட்டர், மறைந்த பெற்றோர் நினைவாக ஐந்து மீட்டர் என்று சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பணமாகத் தர இயலாதவர்கள் வேலையாகத் தரலாம். குழாய் வேலை தெரிந்தவர், கொத்து வேலை தெரிந்தவர், சனிக்கிழமை காலை மண்வெட்டி பிடிக்கக்கூடியவர் எல்லாரும் வேண்டும். திருமணத்துக்கு மண்டபம் எடுப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம்: பொரித்த எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள், பின்வாசலில் வைத்திருக்கும் நீல டின்னில் சேர்த்து வையுங்கள்.

எண் அச்சிட்ட ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். ஞாயிறு காலை பூசைக்குப் பிறகு பொருளாளர் மண்டப வாசலில் அமர்ந்திருப்பார். வரவும் செலவும் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பக்கத்திலேயே மாணவர்கள் அந்த மாதம் எடுத்த சோதனை நிறங்களும் இருக்கும்.

இப்படிக்கு,
ஓடைப் பணிக்குழுவினர்