ஸ்விட்ச் சிப் செய்யும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பழைய ரவுட்டர் ஒன்றில் புது லினக்ஸ் ஏற்றினேன். பின்பக்கம் 1 என்று அச்சிட்ட துளையில் கேபிளைச் செருகினால், லேன்4 இணைந்துவிட்டது என்கிறது கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி. போர்டு வரைந்தவர் கம்பித்தடம் சுலபமாகப் போகட்டும் என்று வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அதில் தப்பில்லை. அதை எங்கேயும் எழுதி வைக்காததுதான் தப்பு.

யூஎஸ்பி கருவியிடம் 'நீ யார்' என்று கேட்டால் பதில் வரும். எம்டிஐஓ பஸ்ஸில் (நெட்வொர்க் சிப்களைக் கட்டுப்படுத்தும் கம்பி) தொங்கும் ஸ்விட்ச், அதாவது ரவுட்டரின் துளைகளை இணைக்கும் சிப், தன் சிப் எண்ணை வேண்டுமானால் சொல்லும். எந்த போர்ட் வெளியே போகிறது, எது சிபியுவைப் பார்க்கிறது என்று சொல்லாது. அதை டிவைஸ் ட்ரீதான், அதாவது போர்டில் என்ன எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்புதான், சொல்ல வேண்டும். ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டையும் தனி இன்டர்ஃபேஸாகக் காட்டும் டிஎஸ்ஏ என்ற பொது அமைப்பு 2008லேயே கெர்னலுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் உங்களில் பலர் இன்னும் சொந்தக் கெர்னல் நகலில், சொந்த டிரைவரோடு காலம் தள்ளுகிறீர்கள்.

போர்ட் வரிசையைக் கேபிளை மாற்றி மாற்றிச் செருகியே கண்டுபிடித்துவிடலாம். என் இரண்டு இரவுகளைத் தின்றது ஆர்ஜிஎம்ஐஐ, அதாவது ஸ்விட்சையும் சிபியு பக்கத்தையும் இணைக்கும் தரவுக் கம்பிகள். ஜிகாபிட் வேகத்தில் அதன் கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு சுற்றுக்கு 8 நானோநொடி. தரவு இரு விளிம்புகளிலும் வருவதால் கடிகாரத்தை ஏறக்குறைய 2 நானோநொடி தாமதப்படுத்த வேண்டும். அதைச் செய்வது போர்டின் கம்பித்தடமா, ஸ்விட்சா, எதிர்முனையில் சிபியு பக்கம் இருக்கும் மேக் என்ற நெட்வொர்க் பகுதியா? இருவர் செய்தாலும் கெட்டது, ஒருவரும் செய்யாவிட்டாலும் கெட்டது. இணைப்பு விளக்கு ஜோராக எரியும், பிங் மட்டும் போகாது. கடைசியில் விடை தயாரிப்பாளரின் பழைய நிரலில் கிடைத்தது: ஒரு ரெஜிஸ்டர், ஒரு ஹெக்ஸ் எண், பக்கத்தில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை. (யாருடைய சிப் என்று சொல்லப்போவதில்லை.) பைண்டிங்கில் (டிவைஸ் ட்ரீயில் எதை எப்படி எழுத வேண்டும் என்ற விதிக் கோப்பு) இதைப் பிகோநொடிக் கணக்கில் 2000 என்று எழுத ஒரு வரி இருக்கிறது. ஒரே வரி!

அதனால் கேட்கிறேன். டிரைவர் பேட்ச் (கெர்னலில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் நிரல் மாற்றம்) அனுப்பும்போது அதற்கு முன்னால் பைண்டிங்கைத் தனிப் பேட்சாக வையுங்கள். பைண்டிங்கை எழுதும் யாமல் கோப்பில் ஒரு முழு எடுத்துக்காட்டும் இருக்கட்டும்; எழுத்துப் பிழையை டிடி பைண்டிங் செக் என்ற சோதனை பிடித்துவிடும். உங்கள் டிரைவருக்கு என்ன வேண்டும் என்று எழுதாதீர்கள், போர்டில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பூட்லோடரான யூ-பூட்டும் இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியும்கூட டிவைஸ் ட்ரீயைப் படிக்கின்றன. அப்புறம், ஒருமுறை பைண்டிங்குக்குள் போன பண்பைச் சுலபமாக மாற்ற முடியாது. பழைய டிடிபி (தொகுத்து வைத்த டிவைஸ் ட்ரீ கோப்பு) புதுக் கெர்னலிலும் ஓடியாக வேண்டும்.

ரகசிய ஒப்பந்தம் இருக்கிறது என்பீர்கள். சரி, டேட்டாஷீட் முழுவதையும் யாரும் கேட்கவில்லை. போர்ட் எண்கள், சிபியு போர்ட் எது, தாமதம் எந்தப் பக்கம், ரீசெட் கம்பியை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும், இன்டரப்ட் எங்கே. இவற்றில் பாதி நீங்கள் ஏற்கெனவே விற்ற பெட்டியின் ஃபர்ம்வேரில் இருக்கிறது.