பியாஃப் பாட்டு கேட்கப் போனேன்

பாரிஸ்

அன்புள்ள மாலதிக்கு,

மூட்டு மாற்று அறுவைக்கு ஒருவழியாகச் சம்மதித்துவிட்டாய் என்று படித்து நிம்மதியானேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பேரனுக்குப் பல் முளைக்கிறது. வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

போன வாரம் மருமகள் எடித் பியாஃப் அஞ்சலி நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்த உன் பெரியப்பா, புதுச்சேரி வீட்டில் தேய்ந்த ரிக்கார்டைப் போட்டுவிட்டு யாரையும் வாய் திறக்க விடமாட்டாரே, அந்தப் பாடகிதான்.

முதல் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. பாட வந்த பெண்ணுக்கு நல்ல குரல். ஆனால் கறுப்பு உடை, குறுகிய தோள், வாதத்தில் மடங்கிய விரல், தொண்டையில் உருளும் ரகரம் என்று ஒவ்வொன்றையும் நகலெடுத்ததில் பாட்டு எங்கோ ஒதுங்கிவிட்டது. போதாததற்கு ஒரு கதைசொல்லி வேறு. பாட்டி நடத்திய விலைமாதர் விடுதியில் கழிந்த பிள்ளைப் பருவம், இரண்டு வயதில் இறந்த மகள், மது, மார்ஃபின்... எல்லாம் நடந்ததுதான். அதற்காக அவள் பட்ட பாட்டையே அவளுடைய கலை என்று காட்டுவதா?

அவள் உழைப்பாளி, மாலதி. தெருவில் பாடிக்கொண்டிருந்தவளை 1935இல் லூயி லெப்லே தன் கபரேயில் பாடவைத்தார். அடுத்த ஆண்டே அவர் கொலையுண்டார்; போலீஸ் இவளையும் விசாரித்தது. வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். இவளோ பாடலாசிரியர் ரேமோன் அஸ்ஸோவிடம் மேடைத் தொழிலை முறையாகக் கற்றுத் திரும்பி வந்தாள். 'லா வி ஆன் ரோஸ்' பாட்டின் வரிகள் அவளே எழுதியவை. காதலர் மார்செல் செர்தான் 1949 அக்டோபரில் அசோர்ஸ் தீவில் விமானம் விழுந்து இறந்தார் அல்லவா? செய்தி வந்த அன்று இரவும் நியூயார்க்கில் மேடை ஏறினாள். கதைசொல்லி அந்த விபத்தை நீட்டி முழக்கினார். அவள் பாடியதை ஒரே வரியில் கடந்துவிட்டார்!

இடைவேளைக்குப் பின் மிஷேல் எமேர் எழுதிய அக்கார்டியன்காரன் பாட்டு வந்தது. தெருவில் நிற்கும் ஒருத்தி, போருக்குப் போய்த் திரும்பாத காதலன், அவன் இடத்தில் வாசிக்கும் வேறொருவன். இசையை நிறுத்தச் சொல்லி அவள் கத்துவதோடு பாட்டு அறுந்து நிற்கும். அந்த இடத்தில் இந்தப் பெண்ணின் விரல்கள் தாமாக நிமிர்ந்துவிட்டன. பியாஃபைப்போல இருக்க வேண்டும் என்பதை மறந்து கத்தினாள். அரங்கம் கைதட்டவே சற்று நேரம் பிடித்தது. எனக்கு டிக்கெட் காசு அங்கேயே சரியாகிவிட்டது.

கடைசிப் பாட்டு எதுவாக இருக்கும் என்று நீயே சொல்வாய்: 'நோன், ஜ ந ரெக்ரெத் ரியான்', எதற்கும் நான் வருந்தவில்லை என்கிற பாட்டு. மெட்டமைத்த ஷார்ல் துய்மோனை அதற்கு முன் திருப்பி அனுப்பிய பியாஃப், இதைக் கேட்டதும் மாறிவிட்டாள். கடனில் தத்தளித்த ஒலிம்பியா அரங்கத்தை 1960 டிசம்பரில் தொடங்கிய அவளுடைய கச்சேரிகள்தாம் கைதூக்கிவிட்டன. என் பக்கத்து இருக்கைப் பெரியவர் சுருதியைப் பற்றிய கவலையே இல்லாமல், மேடையில் பாடியவளை மிஞ்சிப் பாடினார். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து ழாக் பிரெல் அஞ்சலிக்கு டிக்கெட் எடுக்கட்டுமா என்கிறாள் மருமகள். கதைசொல்லி இல்லையென்றால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
செல்வி