அடுத்த அறையில் ஆள் இல்லை

அன்புள்ள அக்கா,

"ஒருத்தர் சண்டை வீடியோ கேம் பிள்ளைகளை முரடாக்கிக் கெடுக்கும் என்கிறார், இன்னொருத்தர் ஒன்றும் ஆகாது என்கிறார். இரண்டு பேருமே பேராசிரியர்கள்தானே?" என்று கேட்டிருந்தாய்.

முதலில், முரட்டுத்தனத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார். ஆய்வுக்கூடத்தில் யாரையும் அடித்துக்கொள்ள விட முடியாது. அதனால் கொஞ்ச நேரம் துப்பாக்கி விளையாட்டு ஆடவிட்டு, அப்புறம் காதில் ஹெட்போனை மாட்டி, 'அடுத்த அறையில் இருப்பவரோடு போட்டி, பொத்தானை முதலில் அழுத்துபவர் ஜெயித்தார்' என்பார்கள். தோற்றவர் காதில் இரைச்சல் பாயும். எவ்வளவு சத்தம், எத்தனை நேரம் என்பது ஜெயித்தவர் விருப்பம். பெரும்பாலும் அடுத்த அறையில் ஆளே கிடையாது. சத்தத்தைக் கூட்டி வைத்தால் முரட்டுத்தனம் என்று கணக்கு.

அந்தக் கணக்கிலும் ஆளுக்கொரு வழி. சிலர் முதல் சுற்றை மட்டும் எடுப்பார்கள், சிலர் எல்லாச் சுற்றுக்கும் சராசரி போடுவார்கள், சிலர் சத்தத்தை நேரத்தால் பெருக்குவார்கள். மால்ட்டே எல்சன் என்ற உளவியலாளர் வெளிவந்த கட்டுரைகளை அலசியபோது 150க்கும் மேற்பட்ட முறைகள் அகப்பட்டன. ஒரே சோதனைக்கு! படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்தாலும் சண்டை ஓயவில்லை. 2018இல், பிள்ளைகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த 24 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 17,000 பேருக்கு மேல். வன்முறை விளையாட்டுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு இருந்தது, 0.1ஐ ஒட்டி (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). விளையாட்டு கெடுக்கும் என்று சொல்லும் உளவியலாளர் கிரெய்க் ஆண்டர்சன் தரப்பு, சிறியதுதான், ஆனால் கோடிக்கணக்கான பிள்ளைகள் ஆடும்போது அலட்சியம் செய்ய முடியாது என்கிறது. இத்தனை சின்ன எண் அளந்த விதத்தில் வந்த கோளாறாகவே இருக்கலாம் என்பது, ஒன்றும் ஆகாது என்று சொல்லும் உளவியலாளர் கிறிஸ்டோபர் பெர்குசன் தரப்பு. எண்ணில் தகராறே இல்லை பார்.

அடுத்த வருடமே ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள், எப்படிக் கணக்கிடுவோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, 14, 15 வயதுப் பிள்ளைகள் 1,004 பேரைப் பார்த்தார்கள். நடத்தையைப் பெற்றோரிடம் விசாரித்தார்கள். தொடர்பு தட்டுப்படவில்லை. பிறகு கணக்கை மாற்ற முடியாதபடி தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டு செய்த இந்த மாதிரி ஆய்வுகளைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

சரி, நம்ம பையன் தோற்றால் கன்ட்ரோலரை வீசுகிறான் என்றாயே. 2011இல் கனடாவில் இரண்டு ஆய்வாளர்கள், வன்முறையையும் போட்டியையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள். ரத்தமே இல்லாத கார் பந்தயம் ஆடியவர்களும் சூடாகத்தான் இருந்தார்கள். முரட்டுத்தனத்தைக் கிளப்பியது போட்டி என்று முடிவு செய்தார்கள். அவன் வீசியது எந்த விளையாட்டில்? அடுத்த முறை திரையை எட்டிப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
தம்பி